ஜி குடும்பத்தின் நூறாண்டுகள்

1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஆன் ஆர்பரில், ஆல்ட்ரெட் ஸ்காட் வார்த்தின் என்ற நோயியல் மருத்துவர் தனக்குத் தெரிந்த தையல்காரப் பெண் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் பெயர் பாலின் கிராஸ். அவர் முகம் வாடியிருப்பதைக் கண்டு மருத்துவர் காரணம் கேட்டார். தான் நெடுநாள் உயிரோடு இருக்கப்போவதில்லை என்றார் பாலின். அவருடைய குடும்பத்தில் ஒருவர் பின் ஒருவராகப் புற்றுநோய்க்குப் பலியாகியிருந்தார்கள். சிலருக்கு வயிற்றில், சிலருக்குக் குடலில், பெண்களுக்குக் கர்ப்பப்பையில். தனக்கும் இவற்றில் ஒன்றுதான் வரும் என்று அவர் உறுதியாகச் சொன்னார். அன்று அவர் உடம்பில் எந்த நோயும் இல்லை. ஆனால் சொன்னபடியே நடந்தது. கர்ப்பப்பையின் உட்சுவரில் தோன்றிய புற்றுநோயால், முதுமையைப் பார்க்காமலே அவர் இறந்தார்.

பாலின் இதைச் சொன்ன காலத்தில் மரபியல் என்ற துறையே கிடையாது. பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் கண்டறிந்த விதிகளை உலகம் 1900-இல்தான் மீண்டும் கண்டெடுத்தது. ஆய்வகமோ நுண்ணோக்கியோ இல்லாமல், தன் வீட்டுச் சாவுகளை மட்டும் கணக்கில் வைத்து, ஒரு பெண் சரியான முடிவுக்கு வந்திருந்தார். வார்த்தின் அதைப் பயந்தவரின் பேச்சு என்று தள்ளிவிடவில்லை. அந்தக் குடும்பத்தின் கிளைகளைத் தேடி, யார் எந்த வயதில் எதனால் இறந்தார்கள் என்று விசாரித்து எழுதத் தொடங்கினார். 1913-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். மருத்துவ நூல்களில் அந்தக் குடும்பத்துக்கு ‘ஜி குடும்பம்’ என்ற பெயர் நிலைத்தது.

கறுப்பு வட்டங்கள், கறுப்புச் சதுரங்கள்

மரபணு மருத்துவர்கள் இன்று வரையும் வம்சப் படத்தைப் பார்த்தால் வார்த்தினின் கண்ணில் பட்டது என்ன என்பது புரியும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவியை ஒரு படுக்கைக் கோடு இணைக்கும்; அதிலிருந்து இறங்கும் கோடுகளில் பிள்ளைகள் வரிசையாகத் தொங்குவார்கள். இறந்தவர் மேல் ஒரு சாய்ந்த கோடு. புற்றுநோய் கண்டவரின் வடிவத்துக்குக் கறுப்பு மை. பக்கத்தில் உறுப்பின் பெயர், நோய் கண்டபோது இருந்த வயது.

பெரும்பாலான குடும்பங்களின் படத்தில் கறுப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். அதுவும் எழுபது, எண்பது வயதுக்காரர்களிடம். புற்றுநோய்களில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த வகைதான்; அவை வாழ்நாளில் சேரும் பிழைகளால் வருபவை. பரம்பரையாக வருபவை 5 முதல் 10 சதவீதம் வரைதான். ஆனால் அந்தக் குடும்பங்களின் படம் வேறு மாதிரி இருக்கும். எந்தத் தலைமுறையும் விடுபடாது. ஆண், பெண் இருபாலாரிடமும் கறுப்பு இருக்கும். ஒரு கறுப்பு வடிவத்தின் கீழே உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பாக இருப்பார்கள். வயது நாற்பது, முப்பத்தைந்து என்று குறைந்திருக்கும்.

வார்த்தின் கண்டது இதைத்தான். கண்டாரே தவிர, பாலினின் உறவினர்களுக்குக் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. குடலுக்குள் பார்க்கும் கருவி இல்லை. பாதுகாப்பான வயிற்று அறுவை அரிது. தீர்வு இல்லாத அறிவு ஆபத்தான திசையிலும் போகும். தகுதி குறைந்தவர்கள் பிள்ளை பெறக்கூடாது என்று வாதிட்ட இனமேம்பாட்டுக் கொள்கை அந்நாளில் அமெரிக்காவில் செல்வாக்கோடு இருந்தது. வார்த்தினும் அதன் ஆதரவாளர். உதவிக்காகச் சேர்த்த குடும்பத் தகவல் குடும்பத்தின் மீதே குற்றப்பத்திரிகையாக மாறக்கூடும் என்பதற்கு இது சான்று. பரம்பரை நோயைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஒமஹா மருத்துவமனையின் நோயாளி

அடுத்த காட்சி 1962-இல், நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமஹா நகரில். பயிற்சி மருத்துவராக இருந்த ஹென்றி லிஞ்ச், மதுப் பழக்கத்தால் உடல் கெட்டு வந்த ஒருவரைப் பார்க்கப் போனார். ஏன் இப்படிக் குடிக்கிறீர்கள் என்று கேட்டபோது, குடும்பத்தில் எல்லோரும் புற்றுநோயால் சாகிறார்கள், நானும் அப்படித்தான் சாகப்போகிறேன் என்பது பதிலாக வந்தது. அந்த மனிதரும் பின்னர் புற்றுநோயால் இறந்தார்.

லிஞ்ச் எளிதில் விட்டுக்கொடுக்கும் ஆள் இல்லை. பதின்ம வயதில் வயதைக் கூட்டிச் சொல்லிக் கடற்படையில் சேர்ந்தவர். பிறகு குத்துச்சண்டை மேடையில் நின்றவர். மருத்துவத்துக்கு வருமுன் மரபியல் படித்தவர். சமூகப் பணியாளரான ஆன் கிரஷ்ஷோடு சேர்ந்து அந்த நோயாளியின் உறவினர்களை ஊர் ஊராகத் தேடிப் போனார். வீட்டு முற்றங்களில் உட்கார்ந்து பேசினார்கள். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டி ஒவ்வொரு சாவின் காரணத்தையும் சரிபார்த்தார்கள். 1966-இல் கட்டுரை வந்தது. ஜி குடும்பத்தைப் பற்றி வார்த்தின் சேர்த்து வைத்த காகிதங்கள் மிச்சிகனிலிருந்து லிஞ்சின் கைக்கு வந்தன. 1971-இல் அக்குடும்பத்தின் எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றை அவரும் கிரஷ்ஷும் எழுதினார்கள்.

மருத்துவ உலகம் நம்ப மறுத்தது. புற்றுநோய்க்குக் காரணம் சுற்றுச்சூழல், வைரஸ் என்பதே அன்றைய கருத்து. ஒரே வீட்டில் வாழ்ந்து ஒரே உணவைச் சாப்பிட்டால் ஒரே நோய் வராதா என்று கேட்டார்கள். லிஞ்சின் ஆய்வு நிதி விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டன. முப்பது ஆண்டுகள் அவர் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். இன்று அந்த நோய் லிஞ்ச் சிண்ட்ரோம் என்று அவர் பெயரால் அறியப்படுகிறது. 2019-இல் 91-ஆம் வயதில் அவர் இறந்தார்.

எழுத்துப் பிழை

காரணம் 1993-இல் பிடிபட்டது. நம் உடலில் ஒரு செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் அதன் டி.என்.ஏ.வில் உள்ள சுமார் 600 கோடி எழுத்துகளும் படியெடுக்கப்பட வேண்டும். ஏட்டுச்சுவடியைப் பெயர்த்து எழுதுகிறவர் ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடத்தில் எண்ணிக்கை தவறுவது உண்டு. செல்லிலும் அப்படித்தான். ஏ, ஏ, ஏ என்று ஒரே எழுத்து பத்து முறை வரும் இடத்தில் படியெடுக்கும் நொதி சறுக்கி, ஒன்பதோ பதினொன்றோ எழுதிவிடும்.

இந்தச் சறுக்கல்களைத் திருத்த ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது. எம்.எஸ்.ஹெச்.2, எம்.எஸ்.ஹெச்.6 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து டி.என்.ஏ. இழையைக் கவ்வியபடி நகர்ந்து பிழையைக் கண்டுபிடிக்கும். உடனே எம்.எல்.ஹெச்.1, பி.எம்.எஸ்.2 என்ற வேறு இரண்டு புரதங்கள் வந்து சேரும். புதிய இழையில் வெட்டு விழும். தவறான பகுதி நீக்கப்பட்டு மறுபடி எழுதப்படும். பாக்டீரியா முதல் மனிதன் வரை உள்ள இந்த ஏற்பாட்டை விளக்கியதற்காகவே பால் மோட்ரிச்சுக்கு 2015-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இந்த நான்கு புரதங்களுக்கான மரபணுக்களில் ஏதாவது ஒன்றில் பிறவியிலேயே பழுது இருந்தால் அதுதான் லிஞ்ச் சிண்ட்ரோம். ஜி குடும்பத்தின் பழுது எம்.எஸ்.ஹெச்.2 மரபணுவில் இருப்பது 2000-ஆம் ஆண்டில் தெரியவந்தது. ஓர் எழுத்து மாறியிருந்தது, அவ்வளவுதான். பாலின் சொன்னதற்கும் விடை கிடைத்ததற்கும் இடையில் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

பழுதோடு பிறந்த எல்லோருக்கும் ஏன் புற்றுநோய் வருவதில்லை? ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக இருக்கிறது. ஒன்று அம்மாவிடமிருந்து, மற்றது அப்பாவிடமிருந்து. ஒரு படி பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். குடலின் உட்சுவரில் உள்ள கோடிக்கணக்கான செல்களில் ஏதோ ஒன்றில் அந்த நல்ல படியும் தற்செயலாகக் கெட்டுப்போனால்தான் சிக்கல். அந்தச் செல்லில் திருத்தும் வேலை முழுக்க நின்றுபோகும். பிழைகள் குவியும். செல் வளர்ச்சிக்குத் தடை போடும் மரபணு ஒன்றில் ஏ என்ற எழுத்து பத்து முறை தொடர்ந்து வருகிறது. அங்கே ஓர் எழுத்து தவறினால் தடை உடைந்துவிடும். ஆக, பரம்பரையாக வருவது புற்றுநோய் வரும் வாய்ப்புதான். நோய் உண்டாக இன்னும் பல படிகள் பாக்கி இருக்கின்றன. அந்தப் படிகளில்தான் மருத்துவம் குறுக்கிட முடியும்.

ஜி குடும்பமே இதற்குச் சாட்சி. ஆரம்பத் தலைமுறைகளில் அங்கே வயிற்றுப் புற்றுநோய் மிகுதி. பின்னால் வந்த தலைமுறைகளில் அது குறைந்து, பெருங்குடல் புற்றுநோய் முன்னுக்கு வந்தது. அமெரிக்கப் பொதுமக்களிடமும் இதே காலத்தில் வயிற்றுப் புற்றுநோய் குறைந்தது. மரபணு மாறவில்லை, வாழ்க்கை மாறியது, நோயின் இடமும் மாறியது.

எவ்வளவு ஆபத்து, என்ன செய்யலாம்

லிஞ்ச் சிண்ட்ரோம் அரிய நோய் இல்லை. ஏறக்குறைய 300 பேரில் ஒருவரிடம் இந்தப் பழுதுகளில் ஒன்று இருக்கும் என்பது கணக்கு. எம்.எல்.ஹெச்.1, எம்.எஸ்.ஹெச்.2 மரபணுக்களில் பழுது உள்ளவர்களுக்கு வாழ்நாளில் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 40 முதல் 50 சதவீதம் வரை. பெண்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோயின் ஆபத்தும் கிட்டத்தட்ட அதே அளவு. சினைப்பை ஆபத்தும் கூடுதல். பி.எம்.எஸ்.2-இல் பழுது என்றால் ஆபத்து மிகக் குறைவு. அதனால் எந்த மரபணு என்று தெரிந்துகொள்ளாமல் பயப்படுவதில் பொருளில்லை.

முதல் ஆயுதம் கொலோனோஸ்கோப்பி. ஆபத்து அதிகமான மரபணுக்கள் என்றால் 20 முதல் 25 வயதுக்குள் தொடங்கி, ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டும். முதல் நாள் கெட்டியான சாப்பாடு கிடையாது. மாலையில் மருந்துப் பொடி கலந்த தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். அனுபவித்தவர்கள் எல்லோரும் சோதனையைவிட இதுதான் கஷ்டம் என்பார்கள். மறுநாள் மயக்க மருந்து கொடுத்து, நுனியில் கேமரா உள்ள வளையும் குழாயைப் பெருங்குடலின் தொடக்கம் வரை செலுத்துவார்கள். பார்ப்பது திரும்பும் வழியில். மெல்ல மெல்லக் குழாயை வெளியே இழுத்தபடி, ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பார்க்க வேண்டும். லிஞ்ச் சிண்ட்ரோமில் பாலிப் என்னும் சிறு வளர்ச்சிகள் பெரும்பாலும் குடலின் வலப் பக்கத்தில், சுவரோடு சுவராகத் தட்டையாக ஒட்டியிருக்கும், அவசரப்பட்டால் தப்பிவிடும். கண்டால், குழாய் வழியாகவே கம்பிச் சுருக்கை விட்டு அதை அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். மற்றவர்களிடம் பாலிப் புற்றுநோயாக மாற ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகும். இவர்களிடம் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் மாறிவிடலாம். அடிக்கடி பார்க்கச் சொல்வது அதனால்தான்.

இதற்குப் பலன் உண்டா? பின்லாந்தில் 22 குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 133 பேர் மூன்றாண்டுக்கு ஒரு முறை சோதனை செய்துகொண்டார்கள். 119 பேர் செய்துகொள்ளவில்லை. சோதனை செய்துகொண்டவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் 62 சதவீதம் குறைந்தது. அவர்களில் ஒருவர்கூட அந்த நோயால் இறக்கவில்லை. மற்ற தரப்பில் 9 பேர் இறந்தார்கள்.

கர்ப்பப்பைக்கு அப்படி நம்பகமான சோதனை இல்லை. பிள்ளைப்பேறு முடிந்த பிறகு, நாற்பதை ஒட்டிய வயதில், கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவது ஒரு வழி. அமெரிக்காவில் 2006-இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்ட 61 பெண்களில் ஒருவருக்கும் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரவில்லை. செய்துகொள்ளாத 210 பேரில் 69 பேருக்கு வந்தது. ஆனால் சினைப்பையை எடுத்தால் மாதவிடாய் சட்டென்று நின்று, எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம். நோயில்லாத உறுப்பை எடுக்கும் முடிவு லேசானதில்லை. அது அந்தப் பெண்ணின் முடிவாக இருக்க வேண்டும். கணவரோ மாமியாரோ மருத்துவரோ அவருக்காக எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது.

மூன்றாவது, வீட்டு அலமாரியில் இருக்கும் ஆஸ்பிரின். பிரிட்டனின் ஜான் பர்ன் தலைமையில் 861 பேரிடம் நடந்த ஆய்வில், சுமார் இரண்டு ஆண்டுகள் தினம் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டவர்களில் பத்தாண்டுக்கு மேல் கழித்து 9 சதவீதம் பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 13 சதவீதம். ஆஸ்பிரின் இரைப்பையில் ரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியது. மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நோய் வந்துவிட்டாலும் கதை முன்போல் இல்லை. பிழைகள் குவிந்த செல் விசித்திரமான புரதங்களை உண்டாக்குகிறது. உடலின் நோய் எதிர்ப்புப் படை அதை அந்நியன் என்று அடையாளம் காண்கிறது. அந்தப் படையின் கட்டை அவிழ்த்துவிடும் மருந்துகள் இங்கே நன்றாக வேலை செய்கின்றன. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், திருத்தும் ஏற்பாடு கெட்டுப்போன மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்து மட்டும் கொடுத்தார்கள். 2022-இல் வெளியான முடிவின்படி, சிகிச்சையை முடித்த முதல் 12 பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிட்டது. அறுவையும் கதிர்வீச்சும் தேவைப்படவில்லை.

பாலின் கிராஸுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. செய்ய ஒன்றும் இல்லை. இன்று செய்ய இத்தனை இருக்கிறது. பழுதைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது தெரியாது. இந்த அத்தியாயத்தில் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்.

வீட்டுக்குள் பேச வேண்டியவை

ஏன் தெரிவதில்லை? பாதிக் காரணம் மருத்துவ அமைப்பில் இருக்கிறது. பாதி வீட்டில் இருக்கிறது. நம் வீடுகளில் புற்றுநோயை அந்த வியாதி என்று தணிந்த குரலில்தான் சொல்கிறோம். பெரியம்மா வயிற்றில் கட்டி வந்து போனார், சித்தப்பா மஞ்சள் காமாலையில் போனார் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் யாரும் வாயைத் திறப்பதில்லை. கர்ப்பப்பை நோய் என்றால் அம்மா வழியில் மட்டும் பார்க்கிறோம். அது தவறு. பழுதான மரபணு அப்பா வழியிலும் அதே அளவுக்கு வரும். அத்தைக்கு நாற்பத்திரண்டு வயதில் வந்த கர்ப்பப்பைப் புற்றுநோய் அண்ணன் மகளுக்கும் அண்ணன் மகனுக்கும் சேதிதான்.

உறவுக்குள் மணம் முடிக்கும் தமிழ்க் குடும்பங்கள் கூடுதலாக ஒன்றை அறிய வேண்டும். மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணக்கும்போது இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு படிகளும் பழுதாகப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்தப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே மூளையிலும் ரத்தத்திலும் குடலிலும் புற்றுநோய் வரலாம். லிஞ்ச் சிண்ட்ரோம் இருப்பது தெரிந்த குடும்பம், உறவில் சம்பந்தம் பேசுமுன் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது அவசியம்.

பரிசோதனை முடிவோடு வாழ்வதும் எளிதில்லை. ஒவ்வொரு ஆண்டும் பயாப்ஸி ரிப்போர்ட் வரும் வரை தூக்கம் வராது. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோமோ என்ற குற்றவுணர்வு பெற்றோரை அரிக்கும். அண்ணனுக்கு இருக்கிறது, தனக்கு இல்லை என்று தெரிந்த தம்பிக்கும் மனம் லேசாவதில்லை. ஜி குடும்பத்தின் வழிவந்த கனடா எழுத்தாளர் ஏமி மெக்கே தானும் அந்தப் பழுதைச் சுமப்பவர். 2019-இல் அந்த வாழ்க்கையைத் தன்வரலாற்று நூலாகவே எழுதினார். பாலினின் குடும்பத்தில் பயமாக இருந்தது, மெக்கேயின் வாழ்க்கையில் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய சோதனையாகிவிட்டது. வேலை போய்விடுமோ, காப்பீடு மறுக்கப்படுமோ என்ற அச்சமும் நியாயமானது. அமெரிக்காவில் 2008-இல் வந்த சட்டம் வேலைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஆயுள் காப்பீட்டுக்குத் தரவில்லை. நம் நாட்டுக்கும் அப்படி ஒரு தெளிவான சட்டம் வேண்டும்.

மருத்துவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பெருங்குடலிலோ கர்ப்பப்பையிலோ எடுத்த கட்டியில் அந்த நான்கு புரதங்களும் இருக்கின்றனவா என்று சாயம் ஏற்றிப் பார்க்கலாம். பெருங்குடல் புற்றுநோயாளிகள் அனைவருக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று 2017-இலேயே பிரிட்டன் வழிகாட்டியது. இங்கும் அது வழக்கமாக வேண்டும். பழுது உறுதியானால், முதலில் உடன்பிறந்தவர்களுக்கும் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். அவர்களில் பழுது இல்லாதவருக்குக் கூடுதல் சோதனையே வேண்டாம். அந்த நிம்மதியும் சொன்னால்தானே கிடைக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்: அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்றுநோய் வந்தது. மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய அளவுகோல் மூன்று, இரண்டு, ஒன்று. நெருங்கிய உறவினர் மூன்று பேருக்குப் பெருங்குடல், கர்ப்பப்பை போன்ற உறுப்புகளில் புற்றுநோய். அது அடுத்தடுத்த இரண்டு தலைமுறைகளில் வந்திருக்க வேண்டும். ஒருவருக்காவது ஐம்பது வயதுக்குள் வந்திருக்க வேண்டும். உங்கள் தாளில் இந்தக் கணக்கு வந்தாலும், அதற்குப் பக்கத்தில் வந்தாலும், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மரபணு ஆலோசனை உள்ள புற்றுநோய் மருத்துவமனைக்குப் போங்கள். வரும் முன் காக்க வழியுள்ள புற்றுநோய்கள் சிலவே. இது அவற்றில் ஒன்று, தெரிந்தவர்களுக்கு மட்டும்.